பக்கத்தில் இருப்பவருக்கும் ஓர் இடம்



இந்த மாதச் சிறப்புப் பகுதி, தொலைக்காட்சிக்குள் நுழைந்து நடமாடுவது பற்றியது. திரையில் தெரியும் தெருவில் நாமே திரும்பலாம், கதவைத் திறக்கலாம், வேறொரு வீட்டிலிருந்து அதே தெருவுக்கு வந்தவரோடு பேசலாம். அப்படிப்பட்ட முப்பரிமாண உலகங்களை டிவிக்குக் கொண்டுவரும் முயற்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த 3டி டிவி வேறு. அது படத்துக்கு ஆழம் கொடுத்தது. பார்ப்பவர் கையில் எதையும் கொடுக்கவில்லை.

செல்பேசியில் பிள்ளைகள் தினமும் இத்தகைய உலகங்களுக்குள் போய்வருகிறார்கள். ஆனால் அங்கே தனியாகத்தான் போகிறார்கள். கூடத்தில் இருக்கும் டிவி மட்டுமே நான்கு பேர் சேர்ந்து பார்க்கும் திரை. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பணத்தைக் கொட்டிய பெரிய முயற்சி அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்தது. 1994 டிசம்பரில் டைம் வார்னர் நிறுவனம் அங்கே ‘ஃபுல் சர்வீஸ் நெட்வொர்க்’ என்ற சேவையைத் தொடங்கியது. சிலிக்கான் கிராஃபிக்ஸின் தொழில்நுட்பத்தோடு வீட்டுக்கு வந்த செட்டாப் பாக்ஸ், அந்தக் காலத்து உயர்தரக் கணினிக்கு ஈடானது. படம், கடை, விளையாட்டு எல்லாவற்றையும் திரையில் சுழலும் முப்பரிமாணப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். சுமார் 4,000 வீடுகள் வரை போன அந்தச் சேவை, செலவு கட்டுப்படியாகாமல் 1997-இல் மூடப்பட்டது.

சாதாரணப் பெட்டிகளுக்கு வேறு சிக்கல். ஒளிபரப்பு ஒருவழிப் பாதை; ‘இதை அனுப்பு’ என்று வீட்டிலிருந்து கேட்க முடியாது. ஆகவே நிலையம் தரவுகளைத் துண்டு துண்டாக்கித் திரும்பத் திரும்பச் சுற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். தேர் நம் தெருவுக்கு வரும்வரை வாசலில் காத்திருப்பதுபோல, தனக்கு வேண்டிய துண்டு வரும்வரை பெட்டி காத்திருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் அறை தெரியாவிட்டால் எவர்தான் பொறுமையாக இருப்பார்?

நம் வீடுகளுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2007 இறுதியில் தொடங்கிய சன் டைரக்ட் டிடிஎச் சேவை, எம்பெக்-4 பெட்டிகளோடு வந்தது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை என்றுதான் எம்பெக்-4 பலருக்கும் தெரியும். அதே தரத்தின் இன்னொரு பகுதி, முப்பரிமாணக் காட்சிகளையும் அவற்றில் பொருள்கள் எப்படி அசைய வேண்டும் என்பதையும் சிறிய தரவாக்கி அனுப்புவதற்கென்றே எழுதப்பட்டது. இணையத்தில் முப்பரிமாண உலகங்களை விவரிக்க 1990-களில் உருவான விஆர்எம்எல் மொழிதான் அதற்கு அடிப்படை. டிடிஎச் சேவைகள் படச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டன. இந்தப் பகுதி பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

எல்லா முயற்சிகளிலும் என் மனத்துக்கு நெருக்கமானது மிக எளியது. 1990-இல் டென்மார்க்கின் டிவி 2, ‘ஹியூகோ’ என்ற குட்டிப் பூதப் பாத்திரத்தை நேரலையில் கொண்டுவந்தது. சூனியக்காரியிடம் சிக்கிய மனைவி, பிள்ளைகளை ஹியூகோ மீட்க வேண்டும். ஒரு குழந்தை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைக்கும். தொலைபேசியின் எண் பொத்தான்களை அழுத்தினால் திரையில் ஹியூகோ குதிப்பான், குனிவான். முப்பரிமாணம் இல்லை, தனிப் பெட்டி இல்லை. விளையாட்டு ஓடியது நிலையத்துக் கணினியில். வீட்டுக்கு வந்தது படம் மட்டும். இன்று ‘கிளவுட் கேமிங்’ என்ற பெயரில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஹியூகோ 40-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனான். ஆர்லாண்டோவில் ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே எதையோ தேர்ந்தெடுத்தது. டென்மார்க்கிலோ ஒரு பிள்ளை ஆட, மற்ற வீடுகளெல்லாம் அந்தப் பிள்ளைக்காகப் பதறின. வித்தியாசம் அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

சிலர் ஆட, மற்றவர்கள் பார்க்கும் இந்த முறையை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டவர்கள் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தினர். மெய்நிகர் உலகத்துக்குள் பொதுமக்களை இறக்கி, அங்கே நடப்பதை நிகழ்ச்சியாகக் காட்டுவதற்கு ‘குடியேறிய தொலைக்காட்சி’ என்ற பொருளில் ஒரு பெயரும் உண்டு. 1997-இல் சேனல் 4 அப்படி ஒன்றை நேரலையில் ஒளிபரப்பியது. எல்லோரும் இஷ்டம்போல் அலைந்தால் உள்ளே இருப்பவருக்குக் கொண்டாட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ‘அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ நிகழ்ச்சியைப் போட்டி வடிவில் அமைத்தார்கள். ஆண்கள் இயந்திர மனிதர்கள், பெண்கள் வேற்றுக்கிரகவாசிகள். பங்கேற்பவர்களை ஒரு களத்திலிருந்து அடுத்த களத்துக்கு நேரம் பார்த்து நகர்த்தும் வசதி இயக்குநருக்குக் கிடைத்தது; உலகத்துக்கு உள்ளேயே இயங்கும் ஒளிப்பதிவாளர்களும் இருந்தார்கள். ஆடுபவரின் சுதந்திரத்தைக் கொஞ்சம் குறைத்ததால் பார்ப்பவருக்குக் கதை பிடிபட்டது. இந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் கட்சி.

2004-இல் பிபிசியின் சிறுவர் பிரிவு தந்த ‘பாம்சூக்கி’ இன்னும் சாமர்த்தியமானது. பிள்ளைகள் வீட்டுக் கணினியில் முப்பரிமாண உயிரினங்களை உருவாக்கினார்கள். அரங்கில் அவை ஓடி, மோதிப் போட்டியிட்டன. வேலை வீட்டில், வேடிக்கை டிவியில்.

இன்று இணையத்தோடு வரும் டிவிகளுக்கு அந்தக் காலத்துப் பெட்டிகளின் தடைகள் பெரும்பாலும் இல்லை. உருவாக்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ரிமோட் வைத்திருப்பவரை மட்டும் மனத்தில் வைத்து வடிவமைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ‘இடப்பக்கம் போடா!’ என்று கத்தும் பாட்டிக்கும் அந்த உலகத்தில் ஒரு வேலை கொடுங்கள்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் விளையாடும்போது அருகில் இருந்து பார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், எங்கே ரசிக்கிறார்கள், எப்போது எழுந்து போய்விடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெரியவர்களின் பதில்களை முதலில் வெளியிடுவோம். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்