எண்ணூர் ஆற்றில் படிந்த சாம்பலை யார் அள்ளுவது?

தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அந்த 100 யூனிட்டையும் நிலக்கரியில் இருந்தே எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 70 கிலோ கரி எரிய வேண்டும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியாத தாதுக்கள்தான். அதனால் அடுப்பு அணைந்ததும் 25 கிலோ சாம்பல் மிஞ்சும். அரிசிக் கடையில் தோளில் தூக்கி வைப்பார்களே, அந்த ஒரு சிப்பம் அளவு. மின்விசிறி சுற்றுகிறது, மிக்ஸி ஓடுகிறது, பிள்ளைகள் விளக்கடியில் படிக்கிறார்கள். அந்தச் சிப்பம் மட்டும் யார் வீட்டு வாசலுக்கும் வருவதில்லை. சென்னைக்கு வடக்கே, எண்ணூரில், கொசஸ்தலையாற்றின் மடியில் அது பல ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது.

எண்ணூருக்கு அனல்மின் நிலையம் புதிதல்ல. 1970-ல் இங்கே முதல் நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட் வரை வளர்ந்து, இயந்திரங்கள் கிழடு தட்டி, 2017-ல் மூடப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 1990-களில், ஆற்றுக்கு அக்கரையில் வட சென்னை அனல்மின் நிலையம் எழுந்துவிட்டது. முதலில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, பிறகு 600 மெகாவாட்டில் இரண்டு, 2024 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகு ஒன்று. பக்கத்திலேயே வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் நம் மின்வாரியமும் கூட்டாகக் கட்டிய 1,500 மெகாவாட் நிலையம். எல்லாம் சேர்ந்து 4,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. ஒடிசாவின் தால்ச்சர் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டிய கரி, பாரதீப்பில் கப்பல் ஏறி, இங்குள்ள காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. 70,000 டன் கரியோடு ஒரு கப்பல் வந்தால் அதில் 25,000 டன்னாவது சாம்பலாக இந்த மண்ணிலேயே தங்கப் போகிறது என்று பொருள்.

கரிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டிருந்த வேதி ஆற்றல் கொதிகலனில் வெப்பமாகிறது. வெப்பம் தண்ணீரை நீராவியாக்குகிறது, நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது, சுழற்சி மின்சாரமாகிறது. பள்ளிக்கூடத்துப் பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. மீதி என்ன ஆயிற்று என்று பாடம் சொல்வதில்லை. கரியில் இருந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான் கம்பியில் ஏறுகிறது. மற்றதெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்கும், இயந்திரத்தைக் குளிரவைத்த வெந்நீராக நீர்நிலைக்கும் போய்விடுகிறது. அந்த வெந்நீர் விழும் பக்கம் மீன் அண்டுவதில்லை என்பது எண்ணூர் மீனவர்களின் பழைய முறையீடு.

சாம்பல் வேறு கணக்கு. புகையோடு பறக்கும் நுண்சாம்பலை மின்னூட்டம் ஏற்றிய தகடுகள் பிடித்து வைக்கின்றன. உலர்ந்த நிலையில் எடுத்தால் அது விலைபோகும் சரக்கு: சிமென்ட் ஆலை வாங்கும், சாம்பல் செங்கல் செய்கிறவர் வாங்குவார், சாலை போடுகிறவர் நிரப்புவதற்குக் கேட்பார். அப்படி எடுக்காமல் மிஞ்சுவதைத்தான் கடல்நீரோடு கலந்து, கூழாக்கி, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய்கள் ஆற்றையும் கழிமுகத்துச் சதுப்பையும் கடந்துதான் போயாக வேண்டும். உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து இரும்பைத் தின்னும். உள்ளே ஓடும் சாம்பல் குழாயை அறுக்கும். இதை முன்கூட்டி அறிய பெரிய பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. குழாய் பழசானால் மாற்ற வேண்டும். மாற்றவில்லை. உடைந்த இடத்தில் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் பீறிட்டது. அப்படிப் பீறிட்ட கூழ் ஆண்டுக்கணக்கில் கொசஸ்தலையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் படிந்தது.

சாம்பல் படிந்தால் ஆறு என்ன ஆகும் என்பதை இங்கே கையால் இறால் பிடிக்கிறவர்களிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் இருளர் சமூகத்தினர். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரல் நுனிதான் கண். சேற்றுக்குள் பதுங்கிய இறால் துள்ளும் அந்தக் கணத்தில் பிடித்து, தலையைத் திருப்பாமல் பறிக்குள் போட வேண்டும். வலையும் படகும் வாங்க வழியில்லாதவர்களுக்கு ஆறு கொடுத்த தொழில் இது. இதற்கு ஒரே முதல், மெத்தென்ற சேறு. சாம்பல் சேறு அப்படிப்பட்டது இல்லை. தண்ணீருக்கடியில் வழவழவென்று கூழாகக் கிடக்கும். தண்ணீர் வடிந்து வெயில் பட்டால் தட்டாக இறுகும். அதில் இறால் வளை தோண்டாது, நண்டு தங்காது, மட்டி மூச்சுத் திணறிச் சாகும். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய தோலில் அரிப்பும் புண்ணும் வரும். சாம்பலில் ஆர்செனிக், பாதரசம், ஈயம், காட்மியம் போன்றவை சிறு அளவில் இருக்கும் என்பது உலகம் முழுக்க அறிந்த செய்தி. அந்தத் தண்ணீரில்தான் இவர்கள் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு கிடக்கிறார்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம் என்று ஆற்றை நம்பிய ஊர்கள் இவை. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்களில் இன்று முழங்கால் அளவுதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். படகைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிய ஆற்றில் எந்த வலையை விரிப்பது? மடவையும் கெளுத்தியும் வந்த நாள் போய், பிடிபடும் கொஞ்சத்தையும் சந்தையில் எண்ணூர் மீன் என்று சொன்னால் விலை குறைத்துக் கேட்கும் நிலைமை வந்துவிட்டது.

செப்பாக்கத்தின் துயரம் இன்னும் கொடியது. சாம்பல் குளத்தை ஒட்டியே அந்தக் கிராமம். கடல்நீர் கலந்த கூழ் நிற்கும் குளத்தின் ஓரத்தில் நிலத்தடி நீர் உப்பாகாமல் என்ன செய்யும்? கிணறு போயிற்று, பயிர் போயிற்று. கோடையில் மேற்பரப்பு காய்ந்து காற்று எழும்பினால் சோற்றுப் பானையில் சாம்பல், கொடியில் காயும் துணியில் சாம்பல், தொட்டில் குழந்தையின் கண்ணிமையில் சாம்பல். எங்களை இங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் குடிவையுங்கள் என்று அந்த மக்களே ஆண்டுக்கணக்காகக் கேட்கிறார்கள். பிறந்த மண்ணை விட்டுப் போகிறோம் என்று ஒரு ஊரே மனுக் கொடுக்கிறது என்றால் அங்கே எவ்வளவு தாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது ஏதோ மீனவர் பிரச்னை, நமக்கென்ன என்று அண்ணா நகரிலோ அம்பத்தூரிலோ இருப்பவர்கள் நினைக்கக் கூடாது. பூண்டியில் திறந்துவிடும் உபரிநீர் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வந்து சேர்கிறது. வட சென்னைக்கும் மணலிக்கும் மீஞ்சூர் பக்கத்து ஊர்களுக்கும் அதுதான் வடிகால். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு ஒரு முகத்துவாரத்தின் அருமை தெரியும். ஆற்றின் அடியில் சாம்பல் ஏற ஏற, வெள்ளம் ஓட இடம் குறையும். குறைந்த இடத்துக்கு ஈடாக அது தெருவில் இடம் தேடிக்கொள்ளும்.

இவ்வளவும் அரசுக்குத் தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் நின்று பாடிய பொறம்போக்குப் பாடல் ஊரெங்கும் பரவியது. தலைவர்கள் வந்து பார்த்தார்கள். மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி சாந்தா ஷீலா நாயர் தலைமையில் வல்லுநர் குழு அமைத்து அறிக்கை பெற்றது. 2022 ஜூலையில் தீர்ப்பும் வந்தது. சாம்பல் கசிவால் ஆறு கெட்டது உண்மை, கெடுத்தவர்தான் செலவு செய்து மீட்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்புக்குப் பிறகு புதுக் குழாய் வேலைகளும் கொஞ்சம் நடந்தன; அதை மறுக்கவில்லை. ஆனால் குழாயை மாற்றுவது இனி கொட்டாமல் இருப்பதற்கு. ஏற்கெனவே கொட்டியதை அள்ளுவதுதான் மீட்பு. அந்த வேலை மக்கள் கண்ணுக்குத் தெரியும்படி நடந்தாக வேண்டும்.

சட்டமும் கைவசம் இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட அறிவிக்கை, அனல்மின் நிலையங்கள் தங்கள் சாம்பலை முழுக்கப் பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது. பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. குளங்களில் தேங்கிய பழைய சாம்பலைப் பத்தாண்டுக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பத்தாண்டு 2022-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. எத்தனை டன் அள்ளியாயிற்று, எத்தனை டன் பாக்கி, எவ்வளவு இழப்பீடு கட்டினார்கள் என்று குப்பத்து ஜனங்களுக்குத் தமிழில் எழுதிவைத்த ஒரு பலகையாவது உண்டா?

கரன்ட் வேண்டாமா என்று உடனே கேட்பார்கள். வேண்டும். மருத்துவமனைக்கு வேண்டும், நெசவாளியின் தறிக்கு வேண்டும், உழவரின் பம்ப்செட்டுக்கு வேண்டும். நாளைக்கே எல்லா அனல்மின் நிலையத்தையும் இழுத்து மூடச் சொல்லி யாரும் இங்கே கேட்கவில்லை. கேட்பது, இருக்கும் நிலையத்தை ஒழுங்காக நடத்துங்கள், புதிதாக இன்னொன்றை இதே இடத்தில் ஏற்றாதீர்கள் என்பதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டு இடைவெளியிலும் வீசும் காற்றை நம்பித் தமிழ்நாடு 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவியிருக்கிறது. இந்தியாவில் இந்தத் துறையில் நாம் முன்னோடி. சூரிய மின்சாரமும் வேகமாக ஏறிவருகிறது. காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும், சூரியன் பகலில்தான் இருக்கும் என்பது சரியான எதிர்வாதம். அதற்குப் பதில் சேமிப்பு. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் வித்தையை 1980-களிலேயே காடம்பாறையில் 400 மெகாவாட் அளவுக்குச் செய்துகாட்டியவர்கள் நம் மின்வாரியப் பொறியாளர்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரித் திட்டத்தைக் கையில் எடுத்தும், அது வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போகிறது. காடம்பாறை கட்டிய கைகளுக்கு இதை முடிக்கத் தெரியாதா? கொடுக்க வேண்டிய முன்னுரிமையைக் கொடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக, மூடிய பழைய எண்ணூர் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். வந்தவர்களில் பலர் வேண்டாம் என்றார்கள். எண்ணெய்க் கசிவு, அமோனியா வாடை என்று ஏற்கெனவே மூச்சுமுட்டும் ஒரு பகுதியில், பழைய சாம்பலை அள்ளாமலே புதுச் சாம்பலுக்கு அனுமதி கேட்பது எந்த விதத்தில் நியாயம்? அந்த 660 மெகாவாட்டுக்கு ஒதுக்கும் பணத்தைக் குந்தாவுக்கும் மின்கலச் சேமிப்புக்கும் திருப்பிவிட்டால் மாநிலத்துக்கும் லாபம், எண்ணூருக்கும் விடிவு. திட்டத்தைக் கைவிடுவதாக அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

இருக்கிற நிலையங்களைப் பொறுத்தவரை, சாம்பலைக் கூழாக்கித் தள்ளும் முறைக்கே முற்றுப்புள்ளி வைப்பது முதல் தேவை. உலர்ந்த சாம்பலாகவே எடுத்து, மூடிய லாரியிலும் ரயில் பெட்டியிலும் வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் வசதியை முழு அளவுக்குப் பெருக்க வேண்டும். திறந்த லாரியில் தார்ப்பாய் கூடப் போடாமல் சாம்பலை ஏற்றிப்போனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியில் போகிறவர்தான் விழுங்குவார். ஆகவே மூடிய வண்டி என்பதை நிபந்தனையாக்க வேண்டும். சாம்பல் குழாய் வழியே போகிற வரைக்கும், கசிந்தால் அந்த அலகை நிறுத்திவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக ஆறு ஒழுகிக்கொண்டே இருக்க முடியாது.

செப்பாக்கத்து மக்களை அவர்கள் சம்மதத்தோடு, வீட்டுக்குப் பட்டாவும் பிழைப்புக்கு வழியும் தந்து, இந்த ஆண்டே குடியமர்த்த வேண்டும். கையால் இறால் பிடிக்கும் குடும்பங்களை மீனவர் பட்டியலில் சேர்த்து நிவாரணம் தர வேண்டும்; படகு எண் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பவே கூடாது. நுரையீரல், தோல், சிறுநீரகம் குறித்து ஆரம்பச் சுகாதார நிலையம் வழியாக வீடுவீடாக மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். முடிவை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

ஆற்றைத் தூர்வாருவது பற்றி ஒரு எச்சரிக்கை. அள்ளிய சாம்பலைப் பக்கத்து உப்பளத்திலோ ஏரியிலோ கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கணக்குக் காட்டும் வழக்கம் இந்த ஊருக்குப் பழக்கம். எங்கே அள்ளினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று லாரி எண்ணோடு பதிவு வேண்டும். மேற்பார்வைக் குழுவில் குப்பங்களின் கிராமப் பஞ்சாயத்தாருக்கும் இறால் பிடிக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் வடிந்த கோடை மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் இயந்திரத்தை உள்ளே இறக்க முடியாது. அதனால் ஒப்பந்தப்புள்ளி, நிதி ஒதுக்கீடு, மேற்பார்வைக் குழு மூன்றும் பொங்கலுக்குள் முடிந்து, பங்குனியில் முகத்துவாரத்தில் இருந்து மேற்கு நோக்கி அள்ளத் தொடங்க வேண்டும். மின்வாரியமும் நீர்வளத் துறையும் மாவட்ட ஆட்சியரும் அந்தத் தேதியை எழுத்தில் தரட்டும்.