சண்டை போடவும் ஆள் வேண்டும்! பழவேற்காட்டுப் பெரிசுகளுக்கு எது தேவை?

மூன்று வேளை சோறு. ஒரு கட்டில். வேளா வேளைக்கு மாத்திரை. வயசானவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். ‘போதாது’ என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னது ஒரு டெலிவிஷன் நாடகம்.

பெயர் ‘வெயிட்டிங் ஃபார் காட்’. பிரிட்டனில் பி.பி.சி. டெலிவிஷனில் 1990 முதல் 1994 வரை ஓடியது. கதை நடக்கிற இடம் ஒரு முதியோர் இல்லம்.

டயானா என்ற கிழவி, ஒரு காலத்தில் பத்திரிகை போட்டோகிராபர். நாக்கு தேள் கொடுக்கு! பக்கத்தில் குடி வருகிறார் டாம். ரிட்டயரான கணக்கர். மகனும் மருமகளும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர். முதலில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். போகப் போக ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியவில்லை.

அவர்களை ஒன்று சேர்த்தது எது? செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்த மானேஜர்! அவரோடு மல்லுக்கு நின்றே இரண்டு பேருக்கும் தெம்பு வந்தது.

டயானாவும் டாமும் வசதிக்காரர்கள். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இருக்கிற பெரிசுகள் அப்படி இல்லை. ஆனால் மனசு ஒன்றுதான்.

கரையில் ஒரு வேலை

சண்டையும் சமாதானமும் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய இடங்களில் ‘பாடு’ என்று ஒரு பழைய கட்டு உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை போடுவது என்று பிரித்துக்கொள்வார்கள். அடிதடி வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தகராறு வந்தால் பழைய வழக்கத்தை எடுத்துச் சொல்லப் பெரியவர்கள் வேண்டும்.

தண்ணீரில் இறங்க முடியாத வயசிலும் கிழிந்த வலையைப் பின்னலாம். “இன்னா பெருசு, கண்ணு தெர்லியா?” என்று ஒரு இளவட்டம் வம்பு இழுக்கும். “உங்கப்பனுக்கே வலை பின்னக் கத்துக் குடுத்தவன்டா!” என்று பதில் பறக்கும். அந்த வம்புதான் பெரிசுக்கு டானிக்!

ஆனால் முகத்துவாரம் மணல் மூடிப் போனால் ஏரியில் மீன் வரத்து குறைகிறது. பையன்கள் வேறு வேலை தேடி வெளியூர் போகிறார்கள். பெரிசு தனி ஆள்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். ஏரித் தண்ணீரில் இறங்கி, ஓலைக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். முட்டி வலி வந்தால் அன்றோடு வருமானம் போச்சு. பி.எஃப். உண்டா? கிராஜுவிட்டி உண்டா? அரசாங்கம் தருகிற முதியோர் உதவித்தொகைதான் கதி. அது 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனது.

சட்டம் இருக்கிறது

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பெற்றவர்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ.விடம் மனுப் போடலாம். வக்கீல் தேவையில்லை. ஆனால் பழவேற்காட்டுக் கிழவி அதற்குப் பொன்னேரிக்கு பஸ் ஏற வேண்டும். கைத்தடியோடு எத்தனை தடவை நடப்பாள்?

மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம், குறைந்தது 150 பேர் தங்கும்படி அமைக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. நாதியற்றவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் குப்பத்துப் பெரிசை எங்கேயோ ஒரு கட்டடத்தில் கொண்டுபோய்ப் போட்டால் என்ன ஆகும்? உப்புக் காற்று இல்லை. வலை இல்லை. வம்புக்கு ஆள் இல்லை. வயிறு நிறையும், வாய் பூட்டிக்கொள்ளும்!

குப்பத்துக்கு ஒரு கூடம்

இதற்குக் கோடி கோடியாகக் கொட்ட வேண்டாம். குப்பத்துக்கு ஒரு பகல் நேரக் கூடம் போதும். பெரிசுகள் காலையில் வந்து, வலை பின்னி, ஓலை முடைந்து, தாயம் ஆடி, சண்டை போட்டு, சாயங்காலம் வீடு திரும்பட்டும். உதவித்தொகை வாங்கும் முதியவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சோறு போடும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 1980-களிலேயே வந்துவிட்டது. அந்தச் சோற்றை இந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகிற மருமகளுக்கும் பாரம் குறையும். வீட்டில் பாதிச் சண்டை தீரும்!

ஆர்.டி.ஓ.வும் மாதம் ஒரு நாள் பழவேற்காட்டிலேயே உட்கார்ந்து மனு வாங்கலாம். கூடத்தை நடத்தும் கமிட்டியில் பெரிசுகளுக்குப் பாதி இடம் வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் ஒரு மானேஜர் முளைப்பார்!

ஏரித் தண்ணீரையே சண்டை இல்லாமல் பங்கு போடத் தெரிந்த ஊர் இது. பெரிசுகளுக்குக் கரையில் ஒரு பாடு ஒதுக்க முடியாதா? குப்பத்துப் பஞ்சாயத்தும் அதிகாரிகளும்தான் பதில் சொல்ல வேண்டும்.