அடுத்த மகிழுந்து யாருக்காக?

ஐதராபாத்தில் உள்ள சௌமகல்லா அரண்மனையில் 1912ஆம் ஆண்டைச் சேர்ந்த மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்து ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நிசாமுக்காகச் செய்யப்பட்ட அவ்வண்டியின் பின்னிருக்கை அரியணையைப் போல உயர்த்தி அமைக்கப்பட்டிருக்கிறது. சொகுசு என்பது பின்னால் அமர்பவருக்கே உரியது என்னும் எண்ணத்தை அது காட்டுகிறது.

நூறாண்டு கடந்தும் அவ்வெண்ணம் பெரிதும் மாறவில்லை. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ‘5 சீரிஸ்’ என்னும் நடுத்தர அளவுச் சொகுசு மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் விற்கப்படும் இவ்வண்டி, தமிழ்நாட்டில் செங்கல்பட்டை அடுத்த தொழிற்சாலையில் ஒருங்கிணைக்கப்படுகிறது. 2024இல் இங்கு விற்பனைக்கு வந்த வடிவத்தில், முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைப்பட்ட நீளம் வழக்கமான வடிவத்தைவிட 11 செ.மீ. மிகுதி. பின்னிருக்கையில் அமர்பவர் கால்களை நீட்டி அமர்வதற்காகவே அந்நீளம் கூட்டப்பட்டது.

1972இல் முதன்முதலாக வெளிவந்த இவ்வண்டியின் எட்டாம் தலைமுறை 2023இல் அறிமுகமானது. ஆறு முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் வடிவம் மாறி வந்துள்ளது. எனவே 2030ஐ ஒட்டி அடுத்த வடிவத்தை எதிர்பார்க்கலாம். அது எவ்வாறு அமையும்? 2025இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஐஎக்ஸ்3 வண்டி ஒரு குறிப்பைத் தருகிறது. அதில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காட்சிப்பட்டை நீள்கிறது. ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் முன்பு இருந்த சுழற்குமிழ் நீக்கப்பட்டுவிட்டது. ‘5 சீரிஸ்’ வண்டியும் இவ்வழியே செல்லக்கூடும்.

காட்சிப்பட்டையை நான் வரவேற்கிறேன். சாலையிலிருந்து கண்ணை அதிகம் விலக்காமல் செய்திகளை அறிய அது உதவும். ஆனால், குமிழ் மறைவதை ஏற்க இயலவில்லை. குமிழைக் கை தடவி அறியும். தொடுதிரையைக் கண்தான் தேட வேண்டும். வெளிவட்டச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, இரண்டு நொடிகளில் ஏறத்தாழ 55 மீட்டர் கடந்துவிடும். குளிர்காற்றைக் குறைப்பதற்காக ஓட்டுநர் இரண்டு நொடி திரையை நோக்கினால், அத்தனை தொலைவை வண்டி காணாமலே கடக்கிறது. அப்போது பின்னிருக்கையின் சொகுசு எவரையும் காக்காது.

‘குரலால் ஆணையிடலாமே’ எனச் சிலர் கூறுவர். நம் நகரத்து ஓட்டுநர் தெலுங்கு பேசலாம், உருது பேசலாம், நம்மைப்போல் தமிழும் பேசலாம். அத்தனை மொழிகளையும் வண்டி பிழையின்றி அறியும் என்று நம்பி இருக்க முடியாது. குமிழோ எம்மொழியினர் கைக்கும் ஒன்றே.

ஐரோப்பாவின் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான், திரும்பு விளக்கு முதலியவற்றைத் தொடுதிரையில் வைக்காமல் தனியே அமைக்கும் வண்டிகளுக்கு மதிப்பெண் அளிக்கிறது. இது நல்ல தொடக்கம். குளிரூட்டிக்கும் இவ்விதி விரிய வேண்டும்.

பார்ப்பதற்குத் திரை இருக்கட்டும். இயக்குவதற்குக் குமிழ் இருக்கட்டும். பின்னால் அமர்பவரின் உயிரும், சாலையைக் கடக்கும் சிறுவனின் உயிரும் ஓட்டுநரின் கண்களில்தான் உள்ளன. அடுத்த வடிவம் முதலில் அவருக்காக அமையட்டும். மாணவர்களே, நாளை நீங்களே ஒரு மகிழுந்தை வடிவமைக்கும் வாய்ப்புப் பெற்றால், எந்த இருக்கையிலிருந்து வரையத் தொடங்குவீர்கள்?