இடம் இருக்கு... ஆனா ஏற மாட்டேங்குது!

மெரினா லூப் சாலையை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில், ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோக்காரர், 'வீடியோவை சீக்கிரம் காப்பி பண்ணிக்கோங்க, அடுத்த முகூர்த்தத்துக்கு ஹார்டு டிஸ்க்ல இடம் வேணும்' என்கிறார். வீட்டில் இருப்பது 16 ஜி.பி பென் டிரைவ். அதில் 6 ஜி.பி பழைய போட்டோக்கள். கடலுக்குப் போய்வந்த காலத்து அப்பாவின் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. வீடியோவும் 6 ஜி.பி-தான், இடம் தாராளம். ஆனால், 'ஃபைல் ரொம்பப் பெரிசு' என்று கம்ப்யூட்டர் மறுக்கிறது.

உடனே ஒருவர் 'பென் டிரைவ் போச்சு, ரிச்சி தெருவுல புதுசு வாங்கிக்கலாம்' என்பார். அதில் பணம்தான் போகும். 'ஃபார்மட் போட்டா சரியாயிடும்' என்று இன்னொருவர் சொல்வாரே, அதுதான் ஆபத்து. வீடியோ ஏறிவிடும், அப்பா போய்விடுவார்.

எதையும் அழிக்காமல் முதலில் எட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. (பல வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் போனதே இல்லை என்பது வேறு கதை!) எந்த லினக்ஸாக இருந்தாலும் சரி, பென் டிரைவைச் செருகி, 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரையைத் திறங்கள். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் 'டி', 'எஃப்', ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டியே பெரிய எழுத்தில் 'டி', சின்ன எழுத்தில் 'எச்'. தட்டிவிட்டு என்டர்.

இந்தக் கட்டளை பார்க்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது. அதனால் தைரியமாகத் தட்டலாம்.

வரும் பட்டியலில் பென் டிரைவின் வரியைப் பாருங்கள். 15 ஜி.பி மொத்தம், 6 பயன்பாட்டில், 9 காலி என்று இருக்கும். (16 எங்கே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் 1,000-ஆல் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1,024-ஆல் வகுக்கிறது.) காரணம் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது: 'வி-ஃபேட்'. அதாவது, 1996-ல் வந்த ஃபேட் 32 என்ற பழைய கணக்கு முறை. ஏல நோட்டில் தொகை எழுத நான்கு கட்டம்தான் போட்டிருந்தால் 9,999-க்கு மேல் எழுத முடியாது அல்லவா? அதேபோல, ஃபேட் 32-ல் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட்தான். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட், அதாவது 4 ஜி.பி-க்கு ஒரு பைட் குறைவு. அதற்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது, டிரைவ் முழுக்கக் காலியாக இருந்தாலும்!

என்ன செய்யலாம்? முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று என இரண்டு ஃபைலாக, ஒவ்வொன்றும் 4 ஜி.பி-க்குள் வெட்டித் தரச் சொல்லுங்கள். இதுதான் நல்ல வழி, பழைய டி.வி-யிலும் ஓடும். ஒரே ஃபைலாகத்தான் வேண்டும் என்றால், போட்டோக்களை லேப்டாப்பில் காப்பி செய்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு 'எக்ஸ்-ஃபேட்' முறையில் ஃபார்மட் செய்யலாம். ஆனால், சில டி.வி-கள் அதைப் படிக்காது.

அதே பட்டியலில் லேப்டாப்பின் விண்டோஸ் பகுதியும் தெரியலாம். அங்கே 'ஃபியூஸ்-பிளாக்' என்றோ 'என்.டி.எஃப்.எஸ்' என்றோ இருக்கும். போட்டோக்களை அங்கே வைக்கும்போது, 'படிக்க மட்டுமே அனுமதி' என்று லினக்ஸ் தடுத்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் விண்டோஸை முழுசாக மூடாமல் உறக்கநிலையில் விட்டிருப்பார்கள். மறுபடி விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்துவிட்டு வாருங்கள்.