அமெரிக்கர் கற்றுக்கொண்டால்தான் நாதஸ்வரத்துக்குப் பெருமையா?

சார்லி மரியானோ என்ற பெயர் திருநெல்வேலிப் பக்கம் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் அதைச் சொல்லும் விதம்தான் வேடிக்கை. "பார்த்தீங்களா, அமெரிக்காக்காரனே நம்ம நாதஸ்வரத்தைக் கத்துக்கிட்டான்!" என்பார்கள். அத்தோடு பெருமை முடிந்தது. அடுத்த முகூர்த்தத்துக்குச் செண்டை மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போய்விடுவார்கள்.

அந்த மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், அதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. வெட்கப்படத்தான் நிறைய இருக்கிறது.

மரியானோ 1923-இல் பாஸ்டனில் பிறந்தவர். ஜாஸ் உலகில் பெயர்பெற்ற ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963-ஆம் ஆண்டு இசைத்தட்டான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் வாசித்தவர். இன்று பெர்க்லீ என்று அழைக்கப்படும் இசைக்கல்லூரியில் படித்து, பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1960களில் மலேசியா போன இடத்தில் நாதஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு இந்தியாவுக்கும் வந்து பயின்றார்.

அப்போது அவர் நாற்பதைத் தாண்டியவர், கல்லூரி ஆசிரியர். சாக்ஸபோனில் ஒற்றை நாணல், விரலுக்கு விசைகள். நாதஸ்வரத்திலோ இரட்டை நாணலாலான சீவாளி, ஏழு துளைகள், மீதியெல்லாம் உதடும் மூச்சும்தான். கமகம் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூடியும் காற்றை இழுத்துப் பிடித்தும் வரவழைக்க வேண்டும். சாக்ஸபோனில் பழகிய உதட்டை மறக்கவைத்து முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். 1972-இல் வந்த 'மிர்ரர்' தட்டிலும், எபர்ஹார்ட் வெபருடன் செய்த 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டிலும் அவர் வாசித்த நாதஸ்வரம் இருக்கிறது. 1983-இல் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவுடன் 'ஜோதி' தட்டையும் பதிவுசெய்தார். 2009-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார்.

சரி, இவரை உருவாக்கியது எது? பெர்க்லீயின் தொடக்கம் 1945. இசை என்றால் ஐரோப்பியச் செவ்வியல் இசைதான் என்று பெரும்பாலான கல்லூரிகள் நினைத்த காலம் அது. ஜாஸ் கறுப்பின மக்கள் உருவாக்கிய கலை, இரவு விடுதிகளில் வாசிக்கப்படுவது என்ற இளக்காரம் வேறு. அந்தக் காலத்தில் ஜாஸைப் பாடமாக வைத்து, மேடையில் வாசிப்பவர்களையே ஆசிரியர்களாக்கியது அந்தப் பள்ளி. மரியானோவும் அப்படி வந்த ஆசிரியர்தான்.

இப்போது தாமிரபரணிக் கரைக்கு வாருங்கள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சி. 1921-இல் பிறந்த அருணாசலம் இந்த ஊர்க்காரர். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, அவர் பக்கத்தில் நின்று இரண்டாம் நாயனம் வாசித்தே வித்தையை வாங்கிக்கொண்டவர். குரு அந்த நிமிடத்தில் கற்பனை செய்வதைச் சிஷ்யன் அதே நிமிடத்தில் பிடிக்க வேண்டும். ஜாஸ் குழுக்களில் இளைஞர்கள் தேறி வந்ததும் இப்படித்தான். ஆக, முறை இங்கேயும் இருந்தது. இல்லாமல் போனது அதற்கான மரியாதை.

1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் போட்டி போட்டது. இன்றும் பாதிப் பேர் அவரை அந்த ஒரு பாட்டைக் கொண்டுதான் அறிவார்கள். 1964-இல் அவர் மறைந்தார். தேரோடும் ரதவீதிகளில் மணிக்கணக்காக ராகம் கேட்ட ஜில்லா, அந்த வாசிப்பை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க என்ன செய்தது?

"அரசு இசைப்பள்ளி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. திருநெல்வேலியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாதஸ்வரமும் தவிலும் சொல்லித்தருகிறார்கள். குறை பள்ளியில் இல்லை. படித்து வெளியே வரும் பையனுக்கு ஊர் என்ன வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. எத்தனையோ கோயில்களில் பூஜை நேரத்து மேளத்துக்கு மின்சார இயந்திரம் வந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் தானாக அடிக்கும். அதற்குச் சம்பளம் வேண்டாம், ராகமும் தெரியாது!

"சத்தம் அதிகம், வீட்டில் வைத்துப் பழக முடியாது" என்று இன்னொரு சாக்கு. சாக்ஸபோன் என்ன, தாலாட்டா பாடுகிறது? உண்மையான காரணம் சாதி. நாதஸ்வரம் "அவர்கள்" வாசிப்பது, "நாம்" கேட்பது. பிள்ளையை கீபோர்டு வகுப்புக்கு அனுப்பலாம், நாயனத்துக்கு அனுப்பினால் சொந்தக்காரன் சிரிப்பான். ராஜரத்தினம் பிள்ளை கிராப் வைத்து, ஷெர்வானி போட்டு மேடையேறியது இந்தப் புத்தியை எதிர்த்துத்தான்.

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் பாளையங்கோட்டை. அங்குள்ள கல்லூரி விழாக்களில் நாதஸ்வரம் எங்கே இருக்கிறது? வாசலில், சிறப்பு விருந்தினரை வரவேற்க. அவர் உள்ளே போனதும் வாசிப்பை நிறுத்திவிடச் சொல்வார்கள். வாசலில் நிற்பவரை மேடையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேட்கட்டும். வாரம் ஒரு வகுப்பு கொடுத்து, எந்தச் சாதிப் பிள்ளை வந்தாலும் சொல்லித்தரச் சொல்லட்டும். இயந்திரம் வைத்த கோயில்களில் ஆளை நியமிக்கட்டும். இசைப்பள்ளி மாணவன் ஒரு திருவிழாக் காலம் முழுக்க நல்ல செட்டோடு நின்று வாசிக்க ஏற்பாடு செய்யட்டும்.

இதெல்லாம் நடந்த பிறகு மரியானோவைப் பற்றிப் பெருமை பேசலாம். அதுவரை அந்தப் பெருமை அவருடையது மட்டும்தான்.