ஒரு செயலி, இரு மொழிகள்

மொழிக்கலப்பு என்றவுடன் தமிழாசிரியர் முகம் சுளிப்பது இயல்பு. விடைத்தாளில் பிறமொழிச் சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை நம் கை. அத்தகைய நாம், கைப்பேசிச் செயலி ஒன்றில் இரண்டு கணிப்பொறி மொழிகளைக் கலந்து எழுதலாமா என்னும் வழக்கிற்குத் தீர்ப்புக் கூற நேர்ந்தது. அவ்வழக்கில் நாம் கற்ற பாடம் கணிப்பொறி மாணவர்க்கு மட்டும் உரியதன்று என்பதால், அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

வழக்கின் வரலாறு இது. சில ஆண்டுகட்கு முன் நம் துறை மாணவரும் கணிப்பொறித்துறை மாணவரும் கூடி, இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் பயிலும் அரபுச் சொற்களுக்கு ஓர் அகராதிச் செயலியை ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கென உருவாக்கினர். அது முழுவதும் ஜாவா மொழியில் அமைந்தது. எழுதியவர்கள் பட்டம் பெற்றுத் திசைக்கொருவராய்ச் சென்றுவிட்டனர். இன்றைய மாணவர் அதில் புதிய பகுதிகளைச் சேர்க்க முற்பட்டபோது, தாம் கற்ற கோட்லின் மொழியிலேயே எழுத விரும்பினர். பழையதை அழித்து முழுவதையும் புதுமொழியில் எழுதுவோம் என்றனர் ஒரு சாரார். ஜாவாவிலேயே தொடர்வோம் என்றனர் மறு சாரார். இரண்டும் இருக்கட்டும் என்றனர் வேறு சிலர். சொற்பட்டியல் நம் பொறுப்பில் இருந்தமையால் வழக்கு நம்மிடம் வந்தது.

இரு மொழிகளின் உறவு

ஜாவா 1995ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அப்பெயர் ஒரு காப்பி வகையின் பெயர். காப்பிக்கு அப்பெயர் தந்தது ஜாவாத் தீவு. மணிமேகலை கூறும் சாவகம் அதுவே என்பர் அறிஞர். கோட்லின், ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தாரால் 2011இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் முதற்பதிப்பாக முழுமை பெற்றது. இதுவும் ஒரு தீவின் பெயரே. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே பின்லாந்து வளைகுடாவில் உள்ளது அத்தீவு. கூகுள் நிறுவனம் 2017இல் கோட்லினை ஆண்ட்ராய்டுக்குரிய மொழியாக ஏற்றது. 2019இல் அதற்கே முதலிடம் என அறிவித்தது.

பெயர்கள் இரு தீவுகளாயினும் மொழிகள் தனித்தீவுகள் அல்ல. ஒன்றில் எழுதியதை மற்றொன்றிலிருந்து நேரே அழைக்கலாம். இரண்டும் தத்தம் தொகுப்பியின் வழியே ஒரே வகையான இடைக்குறிமுறையாக மாறுகின்றன. பின்னர் அது கைப்பேசிக்கேற்ற வடிவம் பெறுகிறது. அந்நிலையில் இது ஜாவாவில் பிறந்தது, இது கோட்லினில் பிறந்தது என்ற வேறுபாடு கைப்பேசிக்கு இல்லை. ஆப்பிள் கைப்பேசிகளில் அப்ஜெக்டிவ் சி மொழியும், 2014இல் வந்த ஸ்விப்ட் மொழியும் ஒரே செயலியில் இணைந்து வாழ்வதும் இத்தகையதே. ஆகவே கலக்க முடியுமா என்பது வினாவே அன்று; எப்படிக் கலப்பது என்பதே வினா.

அழித்தெழுதுவது அறிவுடைமையா?

முழுவதையும் அழித்து எழுதுவோம் என்ற இளைஞரின் ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. எனினும் பழைய நிரலைத் திறந்து காட்டச் சொன்னோம். அதில் தேடும் பகுதி மிக நீண்டிருந்தது. பார்ப்பதற்கு அழகற்றும் இருந்தது. ஆனால், ரசூல் என்று தேடினாலும் றசூல் என்று தேடினாலும் இறசூல் என்று தேடினாலும் ஒரே சொல்லைக் காட்டும் வித்தை அதனுள் இருந்தது. முஹம்மது, முகம்மது என்னும் இரு வடிவங்களையும் அது ஒன்றென அறிந்திருந்தது. ஒவ்வொரு விதியும், ஒரு மாணவர் ஏதோ ஒரு பாடலில் ஒரு சொல்லைத் தேடிக் காணாமல் திகைத்து, பிறகு கண்டு சேர்த்ததாகும். அவ்விதிகள் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அழகற்றது என்று நாம் அழித்திருந்தால் அவர்தம் உழைப்பும் உடன் அழிந்திருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியுள்ளன. இணைய உலாவியில் முன்னணியில் நின்ற நெட்ஸ்கேப், 1997இல் நான்காம் பதிப்பை வெளியிட்டபின் நிரலை அடிப்படையிலிருந்தே புதிதாக எழுத முற்பட்டது. அடுத்து வந்த ஆறாம் பதிப்பு வெளியாக 2000 நவம்பர் ஆயிற்று. அதற்குள் மைக்ரோசாப்டின் உலாவி களத்தைக் கைப்பற்றியிருந்தது.

எல்லையில் நேர்ந்த இடர்

ஆகவே பழைய தேடல் ஜாவாவிலேயே நிற்கட்டும், புதிய பக்கங்கள் கோட்லினில் அமையட்டும் என்றோம். அவ்வாறே செய்தனர். துறை விழாவில் பெரியவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு சொல்லைத் தொட்டார். செயலி சட்டென்று மூடிக்கொண்டது. ஜாவாவின் பழமையே காரணம் என்றனர் சிலர். கோட்லினைச் சேர்த்ததே காரணம் என்றனர் சிலர்.

ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அச்சொல்லுக்குச் சான்றுப் பாடல் கிடைத்திருக்கவில்லை. அந்நிலையில் பழைய நிரல் 'நல்' என்னும் வெறுமையைத் திருப்பித் தரும். தமிழில் நல் என்பது நன்மை. கணிப்பொறியில் அதுவே அல்லல். 1965இல் இதனைப் புகுத்திய டோனி ஹோர் என்னும் அறிஞரே, 2009இல் அதனைத் தமது நூறு கோடி டாலர்த் தவறு என ஒப்புக்கொண்டார். கோட்லின் இவ்வல்லலுக்கு அணை கட்டிய மொழி. ஒரு பொருள் வெறுமையாகலாம் எனில் அதன் வகைப்பெயரை அடுத்துக் கேள்விக்குறி இட வேண்டும்; இடாவிடில் அதில் வெறுமையை வைக்கத் தொகுப்பி இடந்தராது. ஆனால் ஜாவாவிலிருந்து வரும் பொருளில் அத்தகைய குறிப்பு இல்லையெனில், தொகுப்பி தடுக்கவும் செய்யாது, எச்சரிக்கவும் செய்யாது; எழுதுபவரை நம்பி விட்டுவிடும். நம் மாணவர் அது வெறுமையாகாது என்று கொண்டனர். பிழை ஜாவாவிலும் இல்லை, கோட்லினிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில், சொல்லப்படாத ஒன்றில் இருந்தது.

மருந்து எளியது. ஜாவாப் பக்கத்தில், இது வெறுமையாகலாம் என்பதற்கு 'நல்லபிள்' என்றும், ஆகாது என்பதற்கு 'நான்நல்' என்றும் குறிப்பு எழுதினால் போதும். கோட்லின் அதனைப் படித்துத் தன் காவலைத் தொடங்கிவிடும். மாற்றாக, ஜாவாவைத் தானே கோட்லினாக மாற்றித் தரும் வசதியை நம்பினோர், மாற்றப்பட்ட நிரலில் ஆங்காங்கே இரட்டை வியப்புக்குறி நிற்பதைக் காண்பர். 'இது வெறுமையன்று, நான் உறுதி கூறுகிறேன்' என்பது அதன் பொருள். கண்ணால் காணாததற்குச் சாட்சி சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்பதை நம் மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நம் வழக்கு காட்டும் வழி

தமிழ் முஸ்லிம்கள் மொழிக்கலப்பை நூற்றாண்டுகளாக அறிந்தவர்கள். தொழுகை, நோன்பு என்று தமிழில் சொல்கிறோம். ஜகாத், ஹஜ் என்று அரபியில் சொல்கிறோம். ஆனால் ஜகாத்தை, ஹஜ்ஜுக்கு என்று வேற்றுமை உருபு தமிழாகவே நிற்கிறது. எது எங்கே நிற்கும் என்னும் ஒழுங்கு இருப்பதால் பொருள் குழம்புவதில்லை. ஒழுங்குடைய கலப்பு வளம்; ஒழுங்கற்ற கலப்பே குழப்பம்.

இதனால் எச்செயலியிலும் இரு மொழி வேண்டும் என்று நாம் கூறவில்லை. கலப்பிற்கு விலை உண்டு. தொகுக்கும் நேரம் நீளும். பராமரிப்போர் இரண்டையும் கற்றிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் செயலியை முழுவதும் கோட்லினில் எழுதுவதே நன்று. திரைகளை அமைக்க 2021இல் முழுமை பெற்ற கம்போஸ் என்னும் கருவித்தொகுதியைக் கோட்லினில் அன்றி எழுத இயலாது. இனி மாற்றமே வேண்டாத பழைய செயலியை அப்படியே விட்டுவிடுவது நன்று. பழையது உயிரோடு இருந்து, புதியதும் அதில் வளர வேண்டிய இடத்தில்தான் கலப்பு தேவையாகிறது. அங்கே ஒரு கோப்பில் ஒரு மொழி என்னும் வரம்பும், எல்லையில் ஒளிவற்ற குறிப்பும் இருத்தல் வேண்டும். பழைய கோப்பை மாற்ற நேர்ந்தால் முதலில் அதற்குச் சோதனை எழுதிப் பின்பே மாற்ற வேண்டும்.

மூத்தோர் தாம் அறிந்தவற்றுள் எது உறுதி, எது ஐயம் என்பதைச் சொல்லிச் செல்ல வேண்டும். இளையோர் கேட்டறிந்த பின்பே மாற்ற வேண்டும். நிரலுக்கும் இதுவே முறை. சமுதாயத்திற்கும் இதுவே முறை என்பது நம் கருத்து.

அன்று பெரியவர் தொட்ட அதே சொல்லை இன்று தொட்டால் செயலி மூடிக்கொள்வதில்லை. 'சான்றுப் பாடல் இன்னும் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி தோன்றுகிறது. அப்பாடலைத் தேடித் தரும் மாணவரை நம் துறை எதிர்நோக்கியுள்ளது. அம்முயற்சிக்கு இறைவன் அருள் புரிவானாக!