கண்டதும் கேட்டதும்: மூன்று திருடர்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் வசிப்பவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்தத் திசையில் திரும்பினாலும் கண்ணுக்கு ஒரு மலை தென்படும். வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கே திருச்செங்கோட்டு மலை. நாமக்கல்லிலோ ஊருக்கு நடுவிலேயே ஒரு பெரும் பாறை! மலை என்று ஒன்று இருந்தால் அதில் குகை இருக்க வேண்டும். குகை இருந்தால் அதற்குள் திருடன் இருக்க வேண்டும். இது தர்க்க சாஸ்திரத்துக்குப் பொருந்துமோ என்னவோ, ஸினிமா சாஸ்திரத்துக்கு முற்றிலும் பொருந்தும். சென்ற மூன்று சனிக்கிழமைகளில் இந்தச் சீமையோடு சம்பந்தப்பட்ட மூன்று பழைய படங்களை வீட்டிலிருந்தபடியே குடும்பத்தோடு பார்த்தோம். மூன்றிலும் திருடர்கள்தான்.

முதல் படம் 1950-இல் வெளிவந்த 'மந்திரி குமாரி.' சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. அதன் அதிபர் ஸ்ரீ டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்துக்குப் போய் நெசவுத் தொழிற்கல்வி கற்றுத் திரும்பியவர். துணி நெய்ய வேண்டியவர் கதை நெய்யப் புகுந்தார். 1937-இல் 'சதி அகல்யா'வில் தொடங்கி, ஏற்காடு சாலையில் இருந்த அந்த ஸ்டூடியோவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. இப்போது அங்கே முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.

'மந்திரி குமாரி'யை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் டைரக்ட் செய்தார்கள். கதை வசனம் ஸ்ரீ மு. கருணாநிதி. மூலம், ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி. அந்தக் காப்பியத்தில் இன்று நமக்கு எஞ்சியிருப்பவை சில செய்யுட்களே. ஆனால் அதன் கதை மட்டும் அழியாமல் சேலத்து ஸ்டூடியோ வரையில் வந்து சேர்ந்துவிட்டது. ராஜகுருவின் மகன் பார்த்திபன் பகலில் பெரிய மனிதன், இரவில் கொள்ளைக்காரன். மந்திரியின் மகள் அமுதவல்லி அவனை மணந்து, திருத்தப் பார்க்கிறாள். அவனோ கொள்ளையும் ஒரு கலைதான் என்று வாதிக்கிறான். எஸ். ஏ. நடராஜன் அந்த வசனத்தைப் பேசுகிற அழகு இருக்கிறதே, கேட்பவர்கள் கையிலுள்ள சொத்தைத் தாங்களாகவே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள்! கதாநாயகரான ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் வாள் சுழற்றி எவ்வளவோ பாடுபட்டும், இந்த நாக்கின் முன்னால் வாள் எடுபடவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

நம் வீட்டுப் பையன் கைதட்டினான். "என்னமாப் பேசறான் பாருங்க, அப்பாயி!" என்று என் தாயாரைப் பார்த்துச் சொன்னான்.

தாயார் பதில் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதங்களுக்கு முன்பு அவர்களுக்கு டெலிபோனில் ஒருவன் பேசினான். பாங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னான். "அம்மா, அம்மா" என்று வார்த்தைக்கு வார்த்தை தேன் ஒழுகிற்று. உடம்பு சௌக்கியமா, மூட்டு வலி தேவலையா என்றெல்லாம் விசாரித்தான். கடைசியில், டெலிபோனுக்கு வந்த ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டான். சொல்லிவிட்டார்கள். பென்ஷன் பணத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. புகார் எழுதிக் கொடுத்தோம், பணம் வரவில்லை. பணம் போனதைவிட, 'படித்தவள், உபாத்தியாயினியாக இருந்தவள், ஏமாந்தேனே' என்ற வெட்கந்தான் அவர்களை வாட்டிற்று. அன்று முதல் டெலிபோன் மணி அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். ராசிபுரத்திலிருந்து சொந்தத் தங்கை கூப்பிட்டாலும் பேசுவதில்லை.

படம் மலையுச்சிக்கு வந்தது. கொல்லுவதற்காக மனைவியை அழைத்து வந்திருக்கிறான் பார்த்திபன். அவள் விஷயத்தை அறிந்துகொள்கிறாள். சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம் வர அநுமதி கேட்கிறாள். மூன்றாவது சுற்றில் அவனைத் தள்ளிவிடுகிறாள். அப்போதுதான் தாயார் வாய் திறந்தார்கள்: "இனிக்க இனிக்கப் பேசறவன்கிட்ட அவளும்தானே ஏமாந்தா? மந்திரி மகளே ஏமாந்திருக்கிறா!"

ஆனால் முடிவு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. படத்தில் அமுதவல்லி ராஜகுருவின் கையால் மாண்டுபோகிறாள். பழைய கதையிலோ, கணவனைத் தள்ளியவள் துறவு பூண்டு, பௌத்த தர்மத்தை வாதிட்டு நிலைநாட்டும் அறிவாளியாகிறாள். "ஏமாந்தவளை எதுக்குச் சாகடிக்கணும்? அந்தக் காலத்துக்காரர்களுக்கு இருந்த மனசு இவர்களுக்கு இல்லையே" என்றார்கள். பட விமரிசனத்தில் நமக்கு இத்தனை நாள் தோன்றாத கருத்து.

இரண்டாவது சனிக்கிழமை 'மலைக்கள்ளன்.' 1954-இல் கோயம்புத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த படம். இருந்தாலும் நம் சீமைக்குப் பாத்தியதை உண்டு. கதையை எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1930-இல் வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்த சத்தியாக்கிரகிகளுக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர். தேசத்துக்காகச் சிறை சென்றவர். அஹிம்ஸையைப் பாடிய கவிஞர் ஒரு கள்ளனைக் கதாநாயகன் ஆக்கினார் என்றால், அது சாதாரணக் கள்ளனாக இருக்க முடியுமா? இவன் கெட்ட பணக்காரர்களிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறான். அப்துல் ரஹீம் என்ற வியாபாரியாக வேஷம் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடமாடுகிறான். கடத்தப்பட்ட பூங்கோதையை மீட்டு மரியாதையாக வைத்துக் காப்பாற்றுகிறான். ஸ்ரீமதி பானுமதியின் நடிப்பில் கம்பீரம் இருக்கிறது. டி. எஸ். துரைராஜின் போலீஸ் ஹாஸ்யம் இன்றும் சிரிக்க வைக்கிறது. பாட்டுகளில் இரண்டொன்றைக் குறைத்திருக்கலாம். தமிழ்ப் படங்களில் முதலாவதாக ராஷ்டிரபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது இதுதான். அடுத்த வருஷமே நாயுடு இதை ஹிந்தியில் 'ஆஸாத்' என்று எடுத்தார். திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள்.

கவிஞரின் காங்கிரஸ் உள்ளத்தில் பிறந்த கதைக்குக் கழகத்து எழுத்தாளரான ஸ்ரீ கருணாநிதி வசனம் எழுதினார். நல்ல கதைக்குக் கட்சி கிடையாது போலும்.

தாயாரின் தீர்ப்பு சுருக்கமானது: "எடுத்ததைத் திருப்பிக் குடுத்த திருடன் இவன் ஒருத்தன்தான். இவனும் சினிமாவிலேதான் இருக்கிறான்."

மூன்றாவது சனிக்கிழமை, மறுபடியும் சேலத்துச் சரக்கு: 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்.' தமிழில் முழுவதும் வர்ணத்தில் வெளியான முதற் படம் இது. நாம் பார்த்த பிரதியில் வர்ணம் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனால் பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பு மங்கவில்லை. அவர் சிரித்தபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இந்தக் கதையில் நாம் இதுவரை கவனியாத ஒன்றைப் பையன் கண்டுபிடித்தான். "அப்பாயி, அந்தக் குகைக்குப் பூட்டே இல்லை. ஒரு சொல்லைச் சொன்னாத் திறந்துக்குது. அதுவும் அந்த ரகசிய நம்பரும் ஒண்ணுதானே!" உண்மைதான். நாற்பது திருடர்களே தங்கள் ரகசியச் சொல்லை ஒரு விறகுவெட்டியின் காதில் விழ விட்டு, புதையலைப் பறிகொடுக்கிறார்கள். தொழில் தெரிந்த திருடர்களுக்கே இந்தக் கதி என்றால், பென்ஷன் வாங்கும் ஒரு மூதாட்டி எம்மாத்திரம்? தாயார் இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்கள். பேராசைக்காரனான அண்ணன் காசிம் குகைக்குள் அகப்பட்டுக்கொண்டு, சொல் மறந்து திண்டாடும் கட்டத்தில் இன்னும் சிரித்தார்கள். மாறுவேஷத்தில் வந்த திருடர் தலைவனை அடையாளம் காண்பதும் மர்ஜியானாதான், வீட்டு எஜமானர் அல்ல என்பதை எனக்கு எடுத்துக் காட்டினார்கள்.

மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தால் தோன்றுவது இதுதான். திருடனுக்கு ஆயுதம் வாளும் அல்ல, குகையும் அல்ல, பேச்சுத்தான். ஏமாந்தவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கண்டுகொண்ட பிறகு என்ன செய்கிறார்கள் என்பதே விஷயம்.

நேற்று மாலை டெலிபோன் மணி அடித்தது. தாயார் உள்ளே போகவில்லை. தாமே எடுத்தார்கள். மறுமுனையில் யாரோ "அம்மா, உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்குமே" என்று குழைவது எனக்கும் கேட்டது. தாயார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சொல் மறந்து போச்சு, சாமி" என்று டெலிபோனை வைத்தார்கள். பிறகு, ராசிபுரத்துச் சித்தியைக் கூப்பிடச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். பேச்சு முழுவதும் ஸினிமாவைப் பற்றித்தான்.